மனுதாரரின் மகள்

குணசுந்தரி அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியபடியே கேட்டாள். “சித்தப்பா, ஒம்போதுக்குள்ள எடுத்துடலாமா?”

மூங்கில் பிளந்துகொண்டிருந்த பலராமன் நிமிர்ந்தார். “இன்னாமா பேசற? தேவிகாபுரத்துல இருந்து உங்க அத்த வந்துகினு இருக்குது. கூடப்பொறந்தவ மூஞ்சி பாக்க வேணாமா?”

“அத்த வர பதினொன்னு ஆயிடும். மெட்ராஸ் பஸ்ஸு போயிடும்.”

அவள் தம்பி தீனா, கூலி உயர்வு கேட்ட நெசவாளர்களோடு நின்றவன். குண்டாஸில் போட்டு வேலூர் ஜெயிலில் வைத்து ஐந்து மாதம். அவனுக்காக ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டவர் அப்பா பச்சையப்பன். சாயப்பட்டறையில் நீலமேறிய விரலால் கைநாட்டு வைத்தார். இரண்டு முறை தள்ளிப்போய், விசாரணை நாளைக்கு. விடியலில் அவர் மூச்சு நின்றதும் எஸ்டிடி பூத்துக்குப் போய் வக்கீலுக்குச் சொன்னாள்.

“மனுதாரர் இல்லன்னா கேஸ் நிக்காதும்மா. சாயங்காலம் அஞ்சுக்குள்ள வந்து உன் பேர்ல கையெழுத்து போடு. நாளைக்கு அப்புறம் கோர்ட்டு சம்மர் லீவு. வுட்டா ஜூன்தான்.”

பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள் மூக்கைச் சிந்தினாள். “உங்கப்பனா பஸ்ஸுக்குப் போறான், ஜல்தி ஜல்தின்ற?”

குணசுந்தரி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

பலராமன் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு மளமளவென்று பாடையைக் கட்டினார். “கொள்ளி நான் வெக்கிறேன். நீ கெளம்பு,” என்றார், தண்ணீரோடு திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்பதரைக்கு எடுத்தார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். குணசுந்தரி வீட்டைக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி திரும்பும்போது அத்தையைப் பார்த்தாள். தேவிகாபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, ரோஜாமாலையை நசுங்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தெருவைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தாள். குணசுந்தரி ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வக்கீல் ஆபீசில் அவள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். டைப் அடிக்கிற பெண் தலை தூக்கவில்லை.

“பேரு?”

“குணசுந்தரி.”

“அப்பா பேரு?”

“பச்சையப்பன்.”

“இருக்காரா? இல்லன்னா லேட்டுன்னு போடணும்.”

“இல்ல.”

“எப்ப?”

“காலைல.”

டைப் அடித்த விரல்கள் நின்றன. அந்தப் பெண் தன் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் இவள் பக்கம் நகர்த்திவிட்டு, மீதி வரியை அடித்தாள்.

குணசுந்தரி உட்காரவில்லை. தாள் வரிவரியாக மேலேறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.