செத்தவர்களின் பெரட்டு

சிவசக்திக்கு அன்று மத்தியானம் சோறே இறங்கவில்லை. காரணம் ஒரு விளையாட்டு. அப்புத்தளையில் அஷ்பாக்கின் துணிக்கடை மாடியில், ஞாயிறுதோறும் நாலு பேர் கூடிப் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு அது. ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்கள் வீரர்களாகிப் பேய்க்கோட்டைக்குள் புகுவார்கள். இதுவரை நடத்தியவர் கணக்கு டீச்சர் தர்மிளா. அவருக்குச் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கே மாற்றல் வந்துவிட்டது. செத்தும் அடங்காத ஏதாவதொரு பேயைக் கதைக்குள் கொண்டுவந்து யார் தன்னைப் பயமுறுத்துகிறாரோ, அவர் கையில் விளையாட்டை ஒப்படைப்பேன் என்று சொல்லியிருந்தார்.

அது போதாதா? போட்டோகொப்பி கடையில் வேலைக்கு நின்றபடியே சிவசக்தி பிணங்களாக வரைந்து தள்ளினாள். அவளுடைய எலும்புக்கூட்டைப் பார்த்து அஷ்பாக் கொட்டாவி விட்டான். ரத்தக்காட்டேரியைப் பார்த்து நிஷாந்த் விழுந்து விழுந்து சிரித்தான். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடிமாடுகளுக்குப் பல்லையும் நகத்தையும் காட்டிப் பிரயோசனமில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

இந்தத் தடவை அவள் கொண்டுவந்தது செத்துப்போன ஒரு தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. மண்ணுக்குள்ளிருந்து எழுந்து, விடிகாலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு ஆள் கூப்பிடும். கத்தி, வேல் எதுவும் அதன் மேல் பாயாது. கூப்பிட்டதற்குப் பதில் சொன்னவன் செத்தவர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான்.

வாயைத் திறக்காவிட்டால் தீர்ந்தது என்றான் அஷ்பாக். அவள் வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். மூன்று பேரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம்தான் சட்டென்று அது தோன்றியது. அவளும் நிஷாந்தும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரே லயத்துப் பிள்ளைகள். லயத்துக்கு எதிரேதான் பெரட்டுக் களம். அங்கே பெயருக்குப் பதிலாக ஆட்களைக் கூப்பிடுகிற செக்ரோல் நம்பரெல்லாம் காதில் விழுந்து விழுந்து அவளுக்கு மனப்பாடம். குரலைக் கட்டையாக்கி, தலை நிமிராமல் கடகடவென்று ஆரம்பித்தாள்.

“நூத்திப் பதினாறு. நூத்திப் பதினேழு. நூத்திப் பதினெட்டு.”

“இருக்கேங்க.”

நிஷாந்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றான். அந்த நம்பரில் இரண்டு வருடம் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவன். அதை விட்டுப் பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடைக்குப் போய் நாலு வருடமாகிறது. தான் எழுந்து நிற்பதே அவனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. முகம் வெளிறிவிட்டது.

டீச்சர் பகடைகளை அவள் பக்கம் தள்ளினார். “எனக்கு மெய்யாவே பயமாக் கிடக்கு. இனி நீர்தான் நடத்தவேணும்.”

சிவசக்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மிச்ச நம்பர்களையும் கூப்பிடச் சொல்லி அஷ்பாக் குதித்தான். விதி விதிதானே, நிஷாந்த் நாற்காலியை இழுத்துக்கொண்டு செத்தவர்கள் பக்கம், அவளருகில் வந்து உட்கார்ந்தான். அவள் காதருகே குனிந்தான்.

“அடுத்த நம்பர் எங்கம்மாவோடது. கூப்பிட்டுறாத சக்தி. அவங்க நாளைக்கும் பெரட்டுக்குப் போகணும்.”

நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அவள் விழுங்கினாள். “நூத்தி இருபது” என்று கூப்பிட்டாள்.

அஷ்பாக் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, நடுவில் ஒரு ஆள் குறைகிறதே, எங்கே போனது என்று மிரண்டுபோய்க் கேட்டான்.

“அவங்க உயிரோட இருக்காங்க” என்றாள் சிவசக்தி.