பதினேழாம் இலக்கப் பனிவண்டி

ஆயுத பூசைக்கு யாராவது பனிவண்டிக்குப் பொட்டு வைப்பார்களா? சுலோஜனா வைத்தாள். தன் பெயின்ட் துப்பாக்கிக்கு வருடா வருடம் வைக்கிறவள், பக்கத்தில் நிற்கிற, பனியில் எஞ்சினால் ஓடுகிற வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் ஒன்று இட்டாள். முன்மூடியில் ஒரு வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பில் 17. அந்த ஏழுக்கு மேலே கொழுகொழுவென்று ஒரு சந்தனப் பொட்டு. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தான் வேலை செய்யும் பெயின்ட் பட்டறைக்கு வந்து துடைத்தாள். சந்தனம் போயிற்று, அதில் கலந்திருந்த மஞ்சள் போகவில்லை.

அது கண்ட கண்ட வண்டியல்ல. ஜேர்மனியின் தெற்கே அல்கொய் மலையடிவாரத்தில் இரண்டு சகோதரர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் பனிப் பந்தயத்துக்கென்றே மூன்று வண்டிகள் செய்தார்கள். மூன்றாம் இலக்கம் அவர்களுடைய பட்டறையோடு எரிந்தது. எட்டாம் இலக்கம் பந்தயத்தின் நடுவே உறைந்த ஏரி உடைந்து, ஓட்டிய இருபத்திரண்டு வயதுக்காரனோடு உள்ளே போனது. ஆளும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. கோப்பைகளை அள்ளியது பதினேழு. பிறகு ஐம்பது வருடம் அது போன இடம் தெரியவில்லை. போன வருடம் முதலாளி லோறன்ஸ் ஒரு மாட்டுக்கொட்டிலில் கண்டெடுத்தேன் என்று கொண்டுவந்து நிறுத்தினார்.

பத்து மணிக்கு வாங்க வருகிறவர் லிசா, ஏரிக்குள் போனவனின் தங்கை. அண்ணனின் வண்டிதான் இல்லை, அதன் கூடப்பிறந்ததாவது வீட்டில் நிற்கட்டும் என்பது அவர் ஆசை.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு மதிப்பே கைபடாத பெயின்டில்தான் இருக்கிறது. தண்ணீர்கூடப் படக்கூடாது என்று லோறன்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் பேச்சை நம்பி, தொட்டுப் பார்க்காமலே, ‘பெயின்ட் அசல்’ என்ற அறிக்கையில் கையெழுத்து வைத்தவள் சுலோஜனா. அடுத்த மாதம் அவளுக்குப் பெயின்ட் தொழிலில் தலைமைத் தகுதி தரும் மைஸ்டர் பரீட்சை. தேறினால் சொந்தப் பட்டறை போடலாம். வைத்த கையெழுத்து பொய்யென்று வெளிவந்தால் அந்தப் பக்கமே தலைவைக்க முடியாது.

துணியின் நுனியில் ஒரு துளி தின்னர் எடுத்து மெதுவாகத் தேய்த்தாள். மஞ்சள் வந்தது. கூடவே வெள்ளையும் வந்தது. ஐம்பது வருடத்துப் பெயின்ட் ஒரு துளிக்கு இப்படிக் கரையாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அடியில் இன்னொரு வெள்ளை இருந்தது, அதில் கறுப்பாய் ஒரு வளைவு. ஏழில் ஏது வளைவு? இன்னும் தேய்த்தாள். ஒரு வளையம் தெரிந்தது. அதன் கீழே இன்னொரு வளையம்.

எட்டு.

கைபேசியை எடுத்துக் கணவன் பிருந்தனை அழைத்தாள்.

“என்னப்பா, நான் இந்த வண்டிக்குப் பொட்டு வச்சு...”

“உமக்கென்ன விசரே? பனிவண்டிக்கு ஆரும் பொட்டு வைப்பினமே?”

“அதை விடுங்கோ. இது செத்தவன்ர வண்டியப்பா. மேல வேற நம்பர் அடிச்சு வச்சிருக்கினம். நான் அசல் எண்டு கையெழுத்து வச்சிட்டன்.”

“மைஸ்டர் சோதினை முடியுமட்டும் வாயைத் திறக்காதையும்,” என்றான் பிருந்தன். “ஒண்டும் பாக்காத மாதிரி நில்லும்.”

அவள் திரும்பியபோது லோறன்ஸ் பின்னால் நின்றார். வட்டத்தைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“வெள்ளை அடித்துப் பதினேழை எழுது. நேரம் இருக்கிறது.”

“எனக்கு ஏலாது” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஜேர்மனில் சொன்னாள்.

“அறிக்கையில் இருப்பது உன் கையெழுத்து, சுலோ. என்னுடையது இல்லை.”

அவள் பயந்தாள். பயந்தபடியே வெள்ளையைக் கலந்தாள். அதைத் துப்பாக்கியில் ஊற்றினாள். பத்து மணி என்றால் பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நிற்பது இந்த ஊர்க்காரர் வழக்கம். அதை இந்த ஊர்க்காரரான லோறன்ஸே மறந்துபோனார். வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், கிடந்த போர்வையை இழுத்து முன்மூடியில் போட்டார்.

லிசா குட்டையான, எழுபது தாண்டிய பெண்மணி. கை கொடுத்துவிட்டு நேரே வண்டியிடம் போய் இருக்கையைத் தடவினார்.

“தொடக்கக் கோட்டில் என் அண்ணன் இதற்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பான்,” என்றார். “எனக்கு இது போதும்.”

லோறன்ஸ் சுலோஜனாவைப் பார்த்தார். சொல்லாதே என்ற பார்வை. சொன்னால் வேலை போகும், பரீட்சை போகும், பொய்க்கு உடந்தை என்று பெயரும் வரும். எல்லாம் தெரிந்தும், அந்தக் கிழவியின் கை இருக்கையைத் தடவிக்கொண்டே இருப்பதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போர்வையை இழுத்துக் கீழே போட்டாள்.

“இது பதினேழு இல்லை. எட்டு. நான் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிட்டேன்.”

லிசா கத்துவார், பொலிஸைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்துச் சுலோஜனா தோளைக் குறுக்கிக்கொண்டாள். லிசா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளையங்களின் மேல் விரலை ஓட்டினார். பிறகு லோறன்ஸிடம் கேட்டார்.

“இதை ஏரியிலிருந்து எடுத்தீர்களா?”

லோறன்ஸ் ஆம் என்று தலையசைத்தார்.

“வண்டி மட்டும்தான் வந்ததா?”

காலையிலிருந்து தான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று சுலோஜனாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஒரு சப்பாத்து,” என்றார் லோறன்ஸ், நிலத்தைப் பார்த்தபடி. “மிதிபலகையில் சிக்கியிருந்தது. வெறும் சப்பாத்து இல்லை, உள்ளே எலும்பும் இருந்தது. சொன்னால் வண்டியைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கும்.”

“அது எங்கே?” என்று லிசா கேட்டார்.

அவர் மூலையிலிருந்த இரும்பு அலுமாரியைக் காட்டினார். காட்டியவர் நகரவில்லை. லிசாவின் கால்களும் நகரவில்லை.

சுலோஜனாதான் போய்த் திறந்தாள்.