நறுக்கிய ஒயர்

தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இணைய ஒயரையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் அவள் கணினியைத் திறந்தபோது இணையம் வரவில்லை. பத்து மணிக்குத் தேர்வு. கட்டட வரைபடம் போடும் நிறுவனம் ஒன்று. அவர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு வீட்டை வரைந்து காட்ட வேண்டும். தேறினால் வேலை, தங்க ஓர் அறை. அண்ணன் வீட்டை விட்டுப் போக அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அவளுடைய போனுக்கு அந்த வீட்டில் சிக்னல் மாடிப்படியோடு சரி. அண்ணியின் போன் பேச மட்டும்தான் ஆகும். கணினியோ அரதப் பழசு, ஒயர் இல்லாமல் எதையும் பிடிக்காது. அண்ணனின் போனைக் கணினியில் சொருகி, அதிலிருந்து இணையத்தை எடுத்தால்தான் உண்டு.

கேட்டாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து கையை எடுக்காமல், இடது கையால் போனை அவள் பக்கம் தள்ளினான்.

"எடுத்துக்க பாப்பா. எனக்கென்ன."

முப்பதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். அப்பா படுத்த படுக்கையான பிறகு செல்லம் கூடியிருந்தது. அவரைப் புரட்ட, துடைக்க, துணி மாற்ற என்று எப்போது ஆள் வேண்டியிருந்தாலும் பாப்பா.

போனைக் கையில் எடுத்ததும் விரல் ஒட்டியது. உறை ஒரு காலத்தில் நிறமில்லாமல் இருந்திருக்க வேண்டும். இப்போது பழுத்த நகத்தின் மஞ்சள். கண்ணாடியில் காது வைக்கும் இடத்தில் மெழுகு போல ஒரு படலம். அதன்மேல் எண்ணெய் விரல்கள் இழுத்த கோடுகள். முகர்ந்து பார்க்காமலே நாறியது.

இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு ஒயரைச் சொருகினாள். சார்ஜ் ஏறியது. இணையத்தைப் பகிரும் பக்கத்தைத் திறந்தாள். வைஃபைக்கு எதிரே இருந்த பொத்தான் உயிரோடு இருந்தது. யூஎஸ்பி ஒயருக்கு எதிரே இருந்தது மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. தொட்டால் அசையவில்லை.

அண்ணன் கையை நக்கிவிட்டு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டான். பின்பக்கம் சொருகிப் பார்க்கச் சொன்னான். அவள் மேசைக்கடியில் தவழ்ந்தாள். ஒட்டடையும் காய்ந்த கரப்பான்பூச்சியும் கையில் வந்தன. அங்கேயும் சார்ஜ் மட்டும் ஏறியது. இரண்டையும் அணைத்துப் போடச் சொன்னான். போட்டாள். போனின் துளைக்குள் அழுக்கு அடைத்திருக்கும், ஊசியால் கிண்டு என்றான். ஊக்கை நிமிர்த்திக் கிண்டினாள். அவன் சட்டைப் பையின் பஞ்சு, தின்பண்டத் துணுக்குகள், ஒரு முடி, எல்லாம் எச்சிலில் குழைத்ததுபோல் ஒரே உருண்டையாக வந்தன. தாளில் தட்டினாள். அது தாளில் ஒட்டிக்கொண்டது. மறுபடி சொருகினாள். பொத்தான் சாம்பலாகவே இருந்தது.

"படிச்ச பொண்ணு. உனக்கே வரலன்னா யாருக்கு வரும்?" என்றான் அண்ணன். பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். குத்தியெடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டான்.

வீட்டிலிருந்த மற்ற ஒயர்களையும் தேடி எடுத்து வந்து ஒவ்வொன்றாகச் சொருகினாள். எல்லாமே ஒரே கதை. எல்லாவற்றிலும் முனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கறுப்பு டேப். நைந்த இடத்தில் சுற்றியது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அண்ணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை.

"அதுல ஒண்ணும் போகாதும்மா. உங்க அண்ணன் நறுக்கி வச்சிருக்காரு."

பிறகு சொன்னாள். கண்ட இடத்தில் போனைச் சொருகினால் உள்ளே இருப்பதையெல்லாம் உருவிவிடுவார்கள் என்று யாரோ இவன் காதில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள் எந்த ஒயர் வந்தாலும் தோலைக் கீறி, தகவல் போகும் இரண்டு மெல்லிய கம்பிகளையும் வெட்டிவிட்டு டேப் சுற்றிவிடுவான். சார்ஜ் ஏற்றும் கம்பிகளை மட்டும் தொடமாட்டான். அண்ணியின் ஒயரும் தப்பவில்லை.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். தவழ்ந்தபோதும் கிண்டியபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசனை சொன்னவன்.

"உனக்கு ஞாபகம் இல்லையா?"

"இருந்துச்சு," என்றான். "அப்பா இப்படிக் கெடக்கையில உனக்கு என்ன பாப்பா அவசரம்? ஆண்டவனே ஒயர வெட்டிவிட்டான்னு வச்சுக்கயேன்."

தினமும் அப்பாவின் மலத்தைத் துடைக்கிறாள். ஒரு நாளும் குமட்டியதில்லை. இப்போது புளித்த நீர் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள்.

கத்திரிக்கோலை எடுத்து டேப்பைப் பிரித்தாள். பசை இளகிக் கறுப்பாகக் கையில் ஈஷியது. உள்ளே சிவப்பும் கறுப்பும் முழுதாக இருந்தன. பச்சையும் வெள்ளையும் வெட்டுப்பட்டு, முனைகள் ஒன்றோடொன்று படாதபடி ஒழுங்காக மடக்கி வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் வீட்டில் எதையும் இத்தனை ஒழுங்காகச் செய்து அவள் பார்த்ததில்லை. முனைகளைப் பல்லால் கடித்துத் தோலை உரித்தாள். பசையும் அவன் கை எண்ணெயும் நாக்கில் ஒட்டின. பச்சையோடு பச்சை, வெள்ளையோடு வெள்ளை. முறுக்கினாள். தனித்தனியாக டேப் சுற்றினாள். சொருகினாள்.

பொத்தானுக்கு உயிர் வந்தது. தள்ளினாள். கணினியின் மூலையில் இணைய அடையாளம் தெரிந்தது. பத்தாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. துப்பிவிட்டு வரக்கூட நேரமில்லை.

வரைந்தாள். பாதியில் அண்ணன் வாசலில் வந்து நின்று, அவசரமாக ஒருவரிடம் பேச வேண்டும், போனைக் கொடு என்றான். அவள் திரும்பவில்லை. முறுக்கிய இடம் அசையாமல் ஒரு கையால் ஒயரை அழுத்திக்கொண்டே, மறு கையால் சுவர்களை இழுத்தாள்.

"என் போன்ல பேசுங்க," என்றாள் அண்ணி. "ஒயர் சொருகாமலே பேசலாம்."

அவன் அதை வாங்கவில்லை. அவசரமும் அதோடு போயிற்று.

படத்தைப் பார்த்தவர்கள் அடுத்த வாரமே வந்து சேரச் சொன்னார்கள். அவள் போனை ஒயரிலிருந்து பிடுங்கி அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, பனியனில் அழுத்தி அழுத்தித் துடைத்தான். அவள் தொட்டதால் அழுக்காகிவிட்டதைப் போல. பிறகு ஒயரை எடுத்தான். கண் பிளேடைத் தேடியது.

உள்ளறையில் அப்பா முனகினார். நனைத்திருப்பார்.

"பாப்பா," என்றான் அண்ணன், ஒயரிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். பசை போகவில்லை. மறுபடி தேய்த்தாள். திரும்பி வந்து சோப்பை அவன் முன்னால் வைத்தாள்.

"இனிமே நீதான் பாக்கணும். அப்பாவத் தொடறதுக்கு முன்னாடி கைய நல்லாக் கழுவு."