சுவரில் ஓடும் பொட்டு

பிள்ளை பெற்றுக் கிடக்கிறவளைப் பார்க்க வந்த மனுஷன் முதலில் கேட்டது, "இந்த வீட்டுல இரும்பு எங்கெங்க இருக்கு?" என்று. பிள்ளை யார் சாடை, எனக்கு உடம்பு எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. நிலைப்படியில் நின்றே எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கான்" என்றார். மதராஸிலிருந்து தேனி ஸ்டேஷன் வரை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பெட்டியோடு அடுத்த அறைக்குள் போனவர்தான். கூலியாளைக்கூட அதைத் தொட விடவில்லையாம். என் மகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

என் வீட்டுக்காரர் அமிர்தராஜ் மதராஸில் பௌதிகப் பேராசிரியர். அணுவுக்குள் எலெக்ட்ரான் பம்பரம் மாதிரிச் சுற்றுகிறதாம். அந்தச் சுழற்சியால்தான் சில பொருள்களில் காந்தம் பிறக்கிறதாம். அதை அளக்க, மெல்லிய இழையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு படிகத்தை வைப்பார். ஊசியில் ஒட்டிய கண்ணாடிச் சில்லில் விளக்கு வெளிச்சம் பட்டு, எதிர்ச் சுவரில் பொட்டாய் விழும். பக்கத்தில் இரும்பு வந்து ஊசி மயிரிழை அசைந்தாலும் பொட்டு சாண் தூரம் ஓடிவிடும். மதராஸில் டிராம் வண்டியால் அவள் ஒரு நிலையில் நிற்பதில்லை என்று, கோடை லீவுக்கு என் பிறந்த வீடு இருக்கும் தேவதானப்பட்டிக்கே கூட்டிவந்துவிட்டார். ஆமாம், அந்த ஊசி எனக்கு அவள்தான். சக்களத்தியை வேறு எப்படிச் சொல்ல?

அவளுக்காக என் அய்யா மாட்டுவண்டியைத் தெருமுனையிலேயே அவிழ்த்தார். மண்வெட்டி, கடப்பாரை, வாளி எல்லாம் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தன. நான் கதவிடுக்கு வழியே பார்ப்பேன். இருட்டறையில் கன்னத்தில் கை வைத்து அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவை அப்படிப் பார்த்திருப்பாரா?

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அய்யாவிடம் அவர் பேசுவது காதில் விழுந்தது. குரலில் அப்படியொரு குதூகலம்.

"மாமா, இந்தப் படிகம் விடியக்காலையில ஒரு தரம் ஊசிய அசைக்குது, பொழுது சாய ஒரு தரம் அசைக்குது. உலகத்துல யாரும் இதப் பாத்ததில்ல. நாளைக்கே எழுதிச் சீமைக்கு அனுப்பப் போறேன். இது ஒன்னு போதும், காலேஜுல ஹெட் பதவி எனக்குத்தான்."

விடியக்காலையிலும் பொழுது சாயவும் அவர் அறைச் சுவரை ஒட்டிக் கொல்லைக்குப் போகிறவள் நான்தான். பச்சை உடம்புக்காரி வெறுங்கையோடு வெளியே போனால் காத்துக் கருப்பு அண்டும் என்று ஆத்தா அரிவாளைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள். கழுத்தில் ஜெபமாலை, கையில் அரிவாள்! கோயில் சாமியார் பார்த்தால் வைவார் என்று அதை என் பாய்க்கடியிலேயே ஒளித்து வைத்திருந்தாள். மருமகனுக்கு எப்படித் தெரியும்?

அடப் பாவி மனுஷா. இத்தனை நாளாய் நீ கண்கொட்டாமல் பார்த்தது என்னைத்தானா?

எழுதி அனுப்பட்டும், சீமையில் கைகொட்டிச் சிரிக்கட்டும், அவள் மூஞ்சியில் கரி பூசட்டும் என்று ஒரு மனசு சொன்னது. தலைகுனிந்து நிற்கப்போவது என் பிள்ளையின் அப்பனாச்சே என்றது இன்னொரு மனசு. ஆத்தாவிடம் சொன்னேன்.

"விட்ருடீ," என்றாள். "படிச்சவுக சங்கதி நமக்கெதுக்கு? மனசு ஒடஞ்சு போவாக."

"என் மனசு ஒடஞ்சது ஒருத்தருக்கும் தெரியலயா ஆத்தா?"

தோளில் பிள்ளை, கையில் அரிவாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் பொட்டு பதறி ஓடியது.

"மேரி, கதவச் சாத்து!" என்றார், திரும்பாமலே.

நான் நின்றேன்; பொட்டு தள்ளாடி நின்றது. ஓர் எட்டு வைத்தேன்; அதுவும் நகர்ந்தது. அப்போதுதான் திரும்பினார். என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"காலையில... பொழுது சாய..."

"நான்தான். பிள்ளையப் பிடிங்க."

வாங்கினார். தலையைத் தாங்கத் தெரியவில்லை, அவன் வீறிட்டான். நான் அரிவாளோடு அறையின் அந்த மூலைக்கு நடந்தேன். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கண் மட்டும் இன்னும் சுவரில்தான் இருந்தது. அங்கே பொட்டு என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.