தாளில் உள்ளபடி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிறு வந்தாலே அலுப்பு. ஆறு நாள் இரும்புக் கயிற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் அடுத்தவர் எழுதிய பிரசங்கத்தைக் கிளிப்பிள்ளையாக ஒப்பிக்க வேண்டும். நாலு சபைக்கு ஒரே போதகர். அவர் வர முடியாத வாரங்களில் பிரசங்கத்தை அச்சடித்து அனுப்பிவிடுவார். இவர் வாசிக்கலாம்; ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான்.

அன்று ஆராதனைக்கு முன், சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண் வாசலில் நின்றாள். கன்னம் கன்றிப்போயிருந்தது. புருஷனின் கைவரிசை. சபைக்கே தெரியும், சபையே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது, இவர் உட்பட.

"பெட்டி கட்டிட்டேன் அண்ணே. போறதா, இருக்கறதான்னு தெரியல. இன்னிக்குப் பிரசங்கத்துல என்ன வருதோ, அதான் ஆண்டவர் எனக்குச் சொல்றதுன்னு எடுத்துக்கப் போறேன்."

அந்தச் சபையில் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இவர் தாளைப் புரட்டினார். மனைவியின் பொறுமையைப் பற்றி எட்டுப் பக்கம். ஓரமாகப் போய்ப் போதகருக்கு போன் போட்டார்.

"ஐயா, இதைக் கேட்டா அந்தப் பொண்ணு அவன்கிட்டயே திரும்பிப் போயிடும்."

"வேதத்துக்கு அர்த்தம் சொல்ல, அதுக்குன்னு படிச்சு அபிஷேகம் வாங்கினவங்க இருக்காங்க. ஆளாளுக்குக் கிளம்பினா சபை சந்தையாயிடும். நீங்க வாசிங்க, போதும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன வருஷம் ஒருத்தர் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லி, ஒரு நோயாளியின் மருந்தையே நிறுத்த வைத்தார். வாதாட இவருக்குத் தெம்பில்லை.

மேடை ஏறித் தாளை விரித்தார். முதல் வரியே வாயில் வரவில்லை.

"இன்னிக்குப் பிரசங்கம் இல்ல. ஜெபம் பண்ணுவோம்" என்று தாளை மடித்தார். தப்பித்தோம் என்றுதான், உள்ளபடியே, நினைத்தார்.

எல்லாரும் கலைந்ததும் அவள் வந்தாள்.

"ஆண்டவர் ஒண்ணும் சொல்லலையே அண்ணே. அப்ப வீட்டுக்கே போயிடறேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

"அவன்கிட்ட போகாதேம்மா. அடி வாங்கிக்கிட்டே இருன்னு ஆண்டவர் சொல்லமாட்டார்."

"இது ஐயா எழுதினதா?"

"அவர் வேற எழுதியிருக்கார். இது நான் சொல்றது."

அவள் அவர் கையில் மடித்திருந்த தாளைப் பார்த்தாள்.

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா, ஆண்டவர்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். நீ பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பு."