தை மாதத்து லீவு

“ஜாக்கா? எங்க ஒர்க்‌ஷாப்புலயே நாலு கெடக்கு. வண்டியத் தூக்க சட்டம் படிக்கணுமாக்கும்?”

“அந்த ஜாக் இல்லப்பா. ராணுவத்துல வக்கீலுங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு கீது. அதுக்குப் பேரும் ஜாக்குதான். அதுலதான் நான் சேரப்போறேன்.”

இரண்டு வருடங்களுக்கு முன், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் மாரிராஜும், அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த தென்றலும் பேசிக்கொண்டது இது. அன்று அவன் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

இப்போது அவன் சிரிப்பதில்லை, கேள்வியாகக் கேட்கிறான். சங்கரன்கோவிலிலிருந்து வந்து கார் கம்பெனியில் வேலை பார்ப்பவன், ஷிப்ட் முடிந்து மண்ணூர் டீக்கடையில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவான். வக்கீலுக்கு எதற்கு ஓட்டப்பயிற்சி? கறுப்புக் கோட்டா, சீருடையா? லைனில் தூங்கினால் சூப்பர்வைசர் மெமோ கொடுப்பார். காவலில் தூங்கிய சிப்பாய்க்கு என்ன ஆகும்?

ராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் அதிகாரிகள் பெரும்பாலும் சட்டம் படித்தவர்கள் அல்ல என்றும், பக்கத்தில் இருந்து அவர்களுக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வதுதான் ஜாக் அதிகாரியின் வேலை என்றும் தென்றல் விளக்கியபோது, வடையைக் கையில் வைத்தபடியே யோசித்தான்.

“அப்ப முடிவு உன் கையில இல்ல?”

“இல்ல. சட்டத்த மட்டும் சொல்லணும். எந்தப் பக்கமும் சாயக் கூடாது.”

“உனக்கு அது கஷ்டம்லா. சீரியல் பார்த்தாலே கட்சி கட்டுவ.”

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள் ஒரு விதியை மட்டும் சொல்லவில்லை. பயிற்சி முடியும்வரை திருமணம் கூடாது. அவள் படிப்பு முடியட்டும் என்று ஒருமுறையும், தேர்வு முடியட்டும் என்று மறுமுறையும் அவன் காத்திருந்துவிட்டான். இரண்டு வீடுகளும் சம்மதிக்கவே பெரும்பாடு பட்டாயிற்று. மூன்றாவது முறையாக எந்த முகத்தோடு கேட்பது? தேர்வாகிவிட்ட செய்தி வந்த அன்று அவன் கடை முழுவதற்கும் டீ சொன்னான். அப்போதும் அவளுக்கு வாய் வரவில்லை.

இன்று அவன் உற்சாகமாக வந்து உட்கார்ந்தான். ஊரில் அம்மா மண்டபம் பேசிவிட்டாளாம், தையிலேயே.

“அதுக்குள்ள நீ பயிற்சிக்குப் போயிருப்ப. கல்யாணத்துக்கு எத்தன நாள் லீவு தருவாவ?”

தென்றல் டம்ளரைக் கீழே வைத்தாள். விதியை, ஒரு சொல்லும் மென்மையாக்காமல், அப்படியே சொன்னாள். அவன் சாலையைப் பார்த்தான். புத்தம்புதுக் கார்களைச் சுமந்துகொண்டு ஒரு நீள லாரி போனது.

“நிச்சயம் பண்ணிக்கிடலாமா?”

“பண்ணலாம்.”

“யாருக்கும் தெரியாம கோயில்ல வச்சு தாலி கட்டுனா?”

“தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“சரி. சட்டத்தச் சொல்லிட்ட.” அவன் அவள் பக்கம் திரும்பினான்.

சட்டத்தில் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார இது நீதிமன்றமும் இல்லை.

“ரெண்டு தபா எனக்காகக் காத்துகினு இருந்துட்ட,” என்றாள். “உங்க அம்மாகிட்ட நானே வந்து பேசுறேன். இன்னும் ஒரு வருஷம் எனக்காக இருப்பியா, மாரி?”