போய்த் தொலைந்த எஞ்சின்

கோகிலவாணி என்ன சொன்னாலும் அவளுடைய எஞ்சின் அதை அப்படியே செய்யும். அவள் வடிவமைத்து வரும், இன்னும் கணினிக்குள் மட்டுமே இருக்கிற பந்தயக் கார் எஞ்சின் அது. "போய்ட்டு வா" என்று சொல்லிப் பொத்தானைத் தட்டினால், திரையில் உள்ள சாலையில் பத்துச் சுற்று ஓடிவிட்டு வந்து நிற்கும். புதன்கிழமை, வேகம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுழற்சியைத் தொட்டதும் பிஸ்டன் உடைந்தது. நாற்பத்திரண்டாவது தடவை. அவளும் மனுஷிதானே! "எங்கயாவது போய்த் தொலை" என்றாள்.

போனது. தொலைந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி ஆறுச்சாமி பார்க்க வருவார். எஞ்சின் உடையாமல் ஓடினால் உலோகத்தில் வார்ப்பார்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டு எஞ்சினை வாங்கிக்கொண்டு அவள் பிரிவை மூடிவிடுவார்கள். அதைவிட, இரண்டு வருஷம் வளர்த்ததைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டோமே என்றுதான் அவளுக்கு வருத்தம்.

காவல் நிலையத்தில் ஏட்டம்மா புகாரை எழுதிக்கொண்டார்.

"அங்க அடையாளம்?"

"நாலு சிலிண்டருங்க. மூணாவது எப்பவும் கொஞ்சம் சூடா இருக்கும்."

"கடைசியா என்ன போட்டிருந்துச்சு?"

"ஒண்ணும் போடலைங்க. பெயிண்ட் இன்னும் முடிவாகலை."

"திட்டினீங்களாக்கும்?"

"போய்த் தொலைன்னுட்டேங்க."

"எல்லா வீட்லயும் இதே கதைதான் கண்ணு. பேப்பர்ல குடுங்க, வந்துரும்" என்றார் ஏட்டம்மா.

மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது: 'எங்கிருந்தாலும் உடனே வரவும். பிஸ்டனைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.' கணினிக்குள் பேப்பர் போட ஆள் கிடையாது. அதனால் அவளே ஒரு கம்பம் வரைந்து, திரைச் சாலையோரம் நட்டு, அதில் விளம்பரத்தை ஒட்டிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆறுச்சாமி வெளிநாட்டுக் கம்பெனியின் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். பத்தரை மணிக்கு வளைவுக்கு அப்பால் சத்தம் கேட்டது. பத்தாயிரம். பதினோராயிரம். பிஸ்டன் கல்லு மாதிரி இருந்தது. "வந்துட்டியாடா சாமி!" என்று கோகிலவாணி திரையைத் தடவி அழுதாள். ஆறுச்சாமி படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஆனால் எஞ்சின் சாலையின் முடிவுக் கோட்டைத் தாண்டவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றது. அதன் பின்னால், ஒட்டினாற்போல், இன்னொரு எஞ்சின் நின்றது.

"தனியா வரலையாட்ட இருக்குது. வாசல்லயே நிக்க வெக்கலாமா அம்மிணி? ஆரத்தியக் கரைங்க" என்றார் ஆறுச்சாமி.

கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் ஒரு தட்டு வரைந்தாள். மஞ்சளுக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று அவர் சொல்லச் சொல்ல, நீரின் அடர்த்தியைக் கணக்கிட்டாள்.